சந்தனம் வைத்த போர்ட்

எனக்கு ஓட்டை நிறைய இருக்கிற லேப்டாப்தான் வேண்டும் என்று சொன்னதும் மெட்ராஸ் ரிச்சி தெருக் கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரிக்கட்டுமே, எனக்கென்ன! நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பின்பக்கத்தில் அகலமாக, ரெண்டு வரிசையில் இருபத்தைந்து ஓட்டையோடு, ரெண்டு ஓரத்திலும் திருகாணி முடுக்குகிற மாதிரி ஒரு போர்ட் இருக்குமே, முன்னெல்லாம் பிரிண்டர் ஒயர் சொருகுவோமே, அது இருந்தால் எடுத்து வைங்க, இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போகிறேன் என்றேன். அவர் முனகிக்கொண்டே மாடிக்கு ஆள் அனுப்பினார்.

பக்கத்தில் நின்ற என் தோழி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒல்லி லேப்டாப். ஓரத்தில் சின்னச் சின்னதாக மூன்று யூஎஸ்பி போர்ட், ஊசி மாதிரி ஒரு சார்ஜர் பின், அவ்வளவுதான். அந்த அகலப் போர்ட்டெல்லாம் ஒழிந்துகொண்டு வருகிறது, இனிமேல் எல்லாமே யூஎஸ்பிதான் என்று பஸ்ஸில் காஞ்சிபுரத்திலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தாள். உலகம் எங்கே வேண்டுமானாலும் போகட்டும்டி, நம்ம மெஷின் எங்கே இருக்கிறதோ நான் அங்கேதான் இருப்பேன் என்று நானும் பூந்தமல்லி வரைக்கும் திருப்பிச் சொன்னேன்.

கடைக்காரர் நடுவில் புகுந்தார். ஒல்லியை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கன்வர்ட்டர் ஒயர் தருகிறேன், ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை உங்கள் அகலப் போர்ட், எல்லாம் ஓடும் என்றார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மலரவில்லை. கடைசியில் ஆளுக்கொன்று வாங்கினோம். அவளுடையது புதுசு, கன்வர்ட்டரோடு. என்னுடையது எவனோ ஒரு ஆபீஸ்காரன் தேய்த்துவிட்டுப் போட்ட பழசு, அம்மிக்கல் கனம். பேட்டரி செத்தே போயிருந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நிமிஷமே கண்ணை மூடிவிடும். ஆனால் பின்பக்கத்தில் இருபத்தைந்து ஓட்டையும் ஜம்மென்று இருந்தன.

ஏன் அந்தப் பிடிவாதம் என்று சொன்னால்தான் மீதி விளங்கும். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நாங்கள் ரெண்டு பேரும் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டிசைன் சென்டரில் வேலை பார்த்தவர்கள். பட்டுப் புடவையின் பார்டரில் வருகிற அன்னமும் மயிலும் தானாக வந்து உட்காராது. முதலில் அதைக் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு அட்டை. நிறம் இருக்கிற கட்டத்துக்கு அட்டையில் ஒரு ஓட்டை. அந்த அட்டைகளை வரிசையாகக் கோர்த்து, தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், ஓட்டை இருக்கிற இடத்தில் இழை ஏறும், இல்லாத இடத்தில் ஏறாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அட்டையைக் கையால்தான் குத்தினேன். அப்புறம் சென்டருக்குக் கம்ப்யூட்டரும் அட்டை குத்துகிற மெஷினும் வந்தன. கூடவே ஏனாத்தூர் காலேஜில் கம்ப்யூட்டர் படித்த அவளும் வந்தாள்.

அவள் சின்ன காஞ்சிபுரம், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அப்பா சமஸ்கிருத வாத்தியார். நான் ஓரிக்கை. அம்மா நாற்று நட்டுக் களை பறித்தவள், அப்பா பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் புளியோதரையும் என் அம்மாவின் கருவாட்டுக் குழம்பும் ஒரே பெஞ்சில் சண்டையில்லாமல் உட்காரும். அவள் கருவாட்டைத் தொட மாட்டாள், ஆனால் மூக்கையும் பொத்த மாட்டாள். அது போதும் எனக்கு.

அந்தச் சென்டரில் நான் ஒரு பார்டர் போட்டேன். நெற்கதிர். முற்றிய கதிர் தலை சாய்ந்து நிற்கும், அடுத்த கதிர் அதன் முதுகில் லேசாக உரசும். வயல் வரப்பில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கதிரும் இன்னொரு கதிர் மாதிரி சாயாது. அதைக் கட்டத்துக்குள் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். சொந்தமாக நாலு தறி வைத்திருப்பவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நாங்கள் அண்ணா என்போம். பார்டரைப் பார்த்ததும் ஸ்கிரீன் பக்கத்திலேயே குனிந்து நின்றுவிட்டார். யார் போட்டது என்று கேட்டார். எங்கள் முதலாளி, மெட்ராஸில் ஒரு ஆர்ட்டிஸ்ட் போட்டுக் கொடுத்தது என்றார். நான் அங்கேயேதான் இருந்தேன், மூன்றடி தூரத்தில்.

அவர் போனதும் நான் எழுந்துபோய்க் கேட்டேன். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஓரிக்கைப் பொண்ணு போட்டதுன்னு சொன்னா எவம்மா வாங்குவான்?"

அந்த 'ஓரிக்கை'யை அவர் இழுத்த இழுப்பு இருக்கிறதே! ஊரைச் சொல்லவில்லை அவர். ஊரில் எந்தப் பக்கம் என்பதைச் சொன்னார். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. என் கிராஃப் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தேன், செருப்பை மாட்டினேன், இறங்கி நடந்தேன். தெருமுனை திரும்பும்போது பின்னாலே ஓடிவருகிற சத்தம். என் தோழி. டிபன் பாக்ஸைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். பின்னாலேயே முதலாளியின் குரலும் வந்தது. மெஷின் இல்லாமல் என்ன பண்ணுவீர்கள், நாலு நாளில் நீங்களே வந்து நிற்பீர்கள் என்றார். அப்போது முடிவு பண்ணினேன், அந்தப் படியை இனி மிதிப்பதில்லை என்று.

சொல்வது சுலபம். ஆரணியில் மூடிப்போன ஒரு யூனிட்டிலிருந்து பழைய அட்டை குத்துகிற மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். சின்ன காஞ்சிபுரத்தில் மாடியில் ஒரு அறை கிடைத்தது. அந்த மெஷின் கம்ப்யூட்டரோடு பேசுவது அந்த இருபத்தைந்து ஓட்டைப் போர்ட் வழியாக மட்டும்தான். இப்போது புரிகிறதா, கடையில் நான் ஏன் நகரவில்லை என்று?

கன்வர்ட்டர் கதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். முதல் நாளே மாட்டிப் பார்த்தோம். பிரிண்டரைக் கொடுத்தால் சமர்த்தாக ஓடியது. மெஷினைக் கொடுத்தால் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. பிரிண்டருக்கென்று செய்த ஒயர், அதற்கு மெஷின் பாஷை தெரியவில்லை. நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. ஆனால் முகம் சொல்லியிருக்கும் போல. அவள் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்கப்புறம் ஒரு ஒழுங்கு வந்தது. அவள் தன் ஒல்லியில் வரைவாள், பென் டிரைவில் போட்டுத் தருவாள், நான் என் அம்மிக்கல்லில் வாங்கி மெஷினை ஓட்டுவேன். சண்டை மட்டும் நிற்கவில்லை. அறையில் மேஜைப் பக்கம் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். என் சார்ஜர் பின் தடி, அவள் பின் ஒல்லி, ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ரெண்டும் கருப்புச் செங்கல் மாதிரி ஒரே ஜாடை. அடிக்கடி மாற்றி எடுத்துவிடுகிறாள் என்று என் சார்ஜரில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவி வைத்தேன். உன் லேப்டாப் குளுகோஸ் ஏற்றுகிற பேஷண்ட்டி, ஒயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும் என்று கேலி பண்ணுவாள். உன்னுடையது ரொம்ப அழகான பொண்ணு, வேலைக்குத்தான் ஆகாது என்பேன் நான்.

வேலை வேண்டுமே! பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரரிடம்தான் போனோம். நெற்கதிரைக் காட்டினேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். இது மெட்ராஸ் ஆர்ட்டிஸ்ட் போட்டதாயிற்றே, உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டார். நான்தான் போட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், சரி என்று தலையை ஆட்டினார். நம்பாதவர்கள் ஆட்டுகிற ஆட்டல் அது. நல்ல மனுஷன், திருட்டுப் பட்டம் கட்டவில்லை, அவ்வளவுதான். விஜயதசமி அன்றைக்குத் தறியில் நீளவாட்டு இழையெல்லாம் மாற்றிப் புதுப் பாவு ஏற்றுகிறேன், பொழுது சாய்வதற்குள் அட்டை வந்தால் உங்களுடையதை மாட்டுகிறேன், வராவிட்டால் சென்டரிலேயே அந்த டிசைன் இருக்கிறது, அவர்கள் அட்டை தயாராக இருக்கிறது என்கிறார்கள், வாங்கிக்கொள்கிறேன் என்றார். யார் போட்டது என்பது உங்களுக்குள் இருக்கிற விவகாரம் என்றும் சொன்னார்.

விவகாரமா? என் கதிர் அவர் தறியில் மெட்ராஸ்காரன் பேரில் சாயப் போகிறது. ஒரு தடவை நெய்துவிட்டால் ஊரில் அதுதான் நிற்கும், அப்புறம் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் எவன் கேட்பான்? எப்பாடுபட்டாவது அன்றைக்குள் அட்டையைக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் சொல்லி அனுப்பினார், பார்டர் கொஞ்சம் அகலமாக வேண்டுமாம். பாவு அப்படி அமைந்துவிட்டதாம், சென்டருக்கும் சொல்லியாயிற்றாம். இதென்னடா வம்பு என்று மறுபடி உட்கார்ந்தோம். அகலப்படுத்துவது என்றால் இழுத்து விடுவதில்லை, ஒவ்வொரு மணியையும் புதுசாகச் சாய்க்க வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டம் கட்டமாகச் சொல்லச் சொல்ல அவள் தன் ஒல்லியில் நிரப்பினாள். பூஜை அன்று காலையில்தான் முடிந்தது. பென் டிரைவில் வாங்கி மெஷினை ஓட்டிவிடலாம் என்று நான் எழுந்தால், அவள் குறுக்கே நின்றாள்.

ஆயுத பூஜை அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாதாம். பூஜையில் வைத்துவிட்டு, மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து ஆரம்பிக்க வேண்டுமாம். தறி வீடுகளிலும் அப்படித்தான், எனக்குத் தெரியாதது இல்லை. மெஷின் ஓடினால் காலையில் ஆரம்பித்துப் பத்து மணிக்குள் குத்தி முடித்துவிடலாம், எதற்குப் பறக்கிறாய் என்றாள். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் டிபன் பாக்ஸை விட்டுவிட்டு என் பின்னாலே ஓடிவந்தவள் அவள். ஒரு நாளை அவள் சாமிக்கு விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? சரி என்றேன்.

அவள் சுண்டல் எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போன நேரம், கீழ் வீட்டுக்காரம்மா சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக மேலே வந்தார். மெஷினுக்குப் பொட்டு வைத்தார். அவளுடைய ஒல்லிக்கு மூடியின் நடுவில் அழகாக ஒன்று வைத்தார். என் அம்மிக்கல்லைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுக்கு மூஞ்சி எதுமா?"

நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா? எனக்கோ அந்தப் போர்ட் மேல் அப்படி ஒரு பெருமை. லேப்டாப்பைத் தூக்கிப் பின்பக்கம் திருப்பி, இதுதான் எல்லாமே, இது இல்லை என்றால் எங்கள் பொழைப்பே இல்லை என்று ரெண்டு கையாலும் ஏந்திக் காட்டினேன். அந்தம்மாவும் பக்தியாக மூன்று விரலால் கெட்டிச் சந்தனத்தை எடுத்து அந்த இருபத்தைந்து ஓட்டை மேலேயும் இழுத்துப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்தார். பக்கத்திலிருந்த சார்ஜர் ஓட்டைக்கும் மிச்சத்தில் கொஞ்சம். பட்டறைக்காரனும் தறிக்காரனும் காலங்காலமாகப் பூசுகிறார்கள், சுத்தியல் கெட்டதா, தறி கெட்டதா? எனக்கும் அப்போது தோன்றவில்லை. கும்பிட்டுக்கொண்டேன்.

விஜயதசமி காலையில் குளித்து ஓடிவந்து, ஒயரை எடுத்து, போர்ட்டில் சொருகப் போனேன். போகவில்லை. சந்தனம் உள்ளே இறங்கிச் சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. சார்ஜர் ஓட்டை பெரிசு, கொண்டை ஊசியால் சுரண்டியதும் வழி விட்டது. அந்தச் சின்ன ஓட்டைகளோ குத்தக் குத்த இன்னும் உள்ளே அடைத்துக்கொண்டன. ஈரத் துணியால் துடைத்து, அழுத்திச் சொருகி, திருகாணியை முடுக்கி, மெஷினை ஓட்டினேன். அது தன் இஷ்டத்துக்கு ஓட்டை போட்டது. வெளியே வந்த அட்டையைப் பார்த்தால் கரையான் அரித்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை, மெஷினை ஒரு உதை விட்டேன். கால்தான் வலித்தது.

என் தோழி ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் கன்வர்ட்டரை எடுத்து மெஷினில் மாட்டி, சாமியைக் கும்பிட்டு மறுபடி முயன்றாள். அது அசையவில்லை. ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சென்டருக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாம்டி. ஒரு நாள்தானே. நான் வேணா பேசறேன்."

"செத்தாலும் போக மாட்டேன். நீயும் போகக் கூடாது. போனா என் மூஞ்சியிலயே முழிக்காத."

சொன்ன பிறகுதான் எனக்கே சூடு தெரிந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்தச் சூட்டிலேயே புத்தியும் வேலை செய்தது. மெஷின் வருவதற்கு முன்னால் நான் அட்டையைக் கையால்தானே குத்தினேன்? கிழிந்த அட்டைக்கு மாற்று குத்துவதற்காக ஒவ்வொரு தறி வீட்டிலும் ஓட்டை போட்ட இரும்புத் தகடும் குத்தூசியும் கிடக்கும். தறிக்காரர் வீட்டிலும் இருக்கும். முழு பார்டருக்கும் வேண்டாம், ஒரு கதிர் முழுசாக வருகிற அளவுக்கு அட்டை இருந்தால் போதும், இன்றைக்குத் தறியில் ஏற்றிவிடலாம், மீதியை அப்புறம் கொடுக்கலாம். படம் பார்க்க என் அம்மிக்கல் ஆகாது, தறிக்காரர் வீட்டில் கரண்ட் எப்போது இருக்கும் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும். அவளுடைய ஒல்லி பேட்டரியில் ஓடும். எடுடி உன் அழகியை, கிளம்பு என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே லேப்டாப்பையும் சார்ஜரையும் பைக்குள் திணித்தாள். வெற்று அட்டைக் கட்டை நான் தூக்கிக்கொண்டேன்.

தறிக்காரர் வீட்டில் பாவு ஏற்றி, தறிக்கு மாலை போட்டு, எல்லாம் தயாராக இருந்தது. அட்டை எங்கே என்றார். இங்கேதான் குத்தப் போகிறேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் தகட்டையும் குத்தூசியையும் சுத்தியலையும் கொண்டுவந்து வைத்தார். பொழுது சாயும் வரைக்கும்தான் என்று ஞாபகப்படுத்தினார்.

நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் எதிரில் லேப்டாப்பைத் திறந்து வைத்து வரிசை வரிசையாகப் படிக்க ஆரம்பித்தாள். ரெண்டு விடு, மூணு குத்து, ஒண்ணு விடு, ஒண்ணு குத்து. பிரபந்தம் சொல்கிற வீட்டுப் பெண், குரல் தடுக்காமல் ஒரே சீராக வந்தது. அந்தச் சீருக்கு என் சுத்தியலும் விழுந்தது. குத்திய அட்டைகளைத் தறிக்காரர் மனைவி வாங்கி வாங்கி நூலால் கோர்த்தார். நடுவில் மோர் கொடுத்தார்கள், குடிக்க நேரமில்லை. விரல் முட்டியில் தோல் போனது. போகட்டும், தோல் வளரும்.

மத்தியானம் தாண்டியதும் அவள் படிப்பதை நிறுத்தினாள். பேட்டரி குறைந்துவிட்டது என்று ஸ்கிரீன் சொல்கிறதாம். கரண்ட் இருந்தது. நிம்மதியாகப் பையிலிருந்து சார்ஜரை எடுத்தாள்.  சார்ஜரில் சிவப்பு நெயில் பாலிஷ். அவசரத்தில் என்னுடையதை எடுத்து வந்திருக்கிறாள். தடிப் பின்னை அந்த ஒல்லி ஓட்டையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். எங்கே போகும்? கிழக்கே ஒருத்தி மேற்கே ஒருத்தி என்று ஆளுக்கொரு லேப்டாப் வாங்கினோமே, அந்த வினை நடு வீட்டில் வந்து நின்றது. திரும்பிச் சின்ன காஞ்சிபுரம் போய் எடுத்துவர வேண்டும் என்றால், அன்றைக்கு ஊர் இருக்கிற கூட்டத்தில் பொழுதே போய்விடும்.

அவள் ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைத்தாள், படிக்கிற வேகத்தைக் கூட்டினாள். நானும் அடிக்கிற வேகத்தைக் கூட்டினேன். தறிக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நாலு விடு, ரெண்டு கு... அவ்வளவுதான். ஸ்கிரீன் கருப்பாகிவிட்டது.

 கதிரின் நுனி பாக்கி. கதிர் தலை சாய்கிற இடம், முழு டிசைனிலும் கஷ்டமான இடம். என் தோழி ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தறிக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார், சென்டருக்குச் சொல்லி அனுப்பத்தான் இருக்கும்.

நான் அடுத்த அட்டையைத் தகட்டில் வைத்தேன். கண்ணை மூடினேன். கதிர் தெரிந்தது. அதற்கு எதற்கு ஸ்கிரீன்? வரப்பில் நின்று பார்த்தது, பேப்பரில் பென்சிலால் அழித்து அழித்துப் போட்டது, முந்தின நாள் காலை வரைக்கும் வாயால் கட்டம் கட்டமாகச் சொன்னது. ரெண்டு விட்டேன், மூன்று குத்தினேன். கீழ் மணி ஒன்று, மேல் மணி ஒன்று, நடுவில் இடைவெளி. யாரும் படிக்கவில்லை. நான் நிறுத்தவும் இல்லை. பயமாக இல்லையா என்றால், இருந்தது. ஒரு ஓட்டை தப்பினாலும் கதிர் முறிந்துவிடும். ஆனால் பயத்தை விட ஆத்திரம் பெரிசாக இருந்தது, அது கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனது. கடைசி அட்டையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது தறிக்காரர் எழுந்துபோகாமல் அங்கேயேதான் இருந்தார். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டையை மாட்டினார்கள். கற்பூரம் காட்டிவிட்டு அவர் தறியில் இறங்கி மிதித்தார். பெட்டியில் அட்டை ஒவ்வொன்றாகத் திரும்பியது. முதலில் தண்டு வந்தது, அப்புறம் மணிகள். ஒல்லி லேப்டாப்பின் உபயத்தில் குத்திய பாகம் முடிந்து என் கண்ணுக்குள்ளிருந்து குத்திய பாகம் வருகிறபோது நான் என் தோழியின் கையைப் பிடித்திருந்தேன், அவள் வலிக்கிறது என்று சொல்கிற அளவுக்கு. ஜரிகையில் கதிர் தலை சாய்ந்தது. முறியவில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டு போன் அடித்தது. தறிக்காரர் மனைவி எடுத்து, சென்டர்க்காரர் என்று நீட்டினார். அட்டை தயார், ஆள் அனுப்பட்டுமா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். தறிக்காரர் தறியில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"வேணாம்ங்க, ஏத்தியாச்சி. ஓரிக்கைப் பொண்ணு போட்ட டிசைன். கம்ப்யூட்டர் பொட்டி அணைஞ்சி போச்சிங்க, அப்பறமும் கண்ண மூடிக்கினே குத்திச்சி, நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். உங்க மெட்ராஸ்காரர வந்து குத்தச் சொல்லுங்க பார்க்கலாம்."

அவர் ஓரிக்கை என்றால் ஓரிக்கைதான், பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர். வேறு எதுவும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. நான் குடிக்காமல் வைத்திருந்த மோரைத் தறிக்காரர் மனைவி மறுபடி நீட்டினார், குடித்தேன்.

மறுநாள் காலையில் நான் அறைக்குப் போனபோது என் அம்மிக்கல் மேஜை மேல் குப்புறக் கிடந்தது. என் தோழி பழைய டூத் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்து, இருபத்தைந்து ஓட்டையையும் ஒவ்வொன்றாகச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் லேப்டாப்பை நிமிர்த்தி வைத்தாள். ஒயரைச் சொருகி, அத்தனை நாள் கேலி பண்ணிய அந்தத் திருகாணி ரெண்டையும் தானே முடுக்கினாள். மெஷின் ஒழுங்காகக் குத்த ஆரம்பித்தது. மீதி பார்டர் முழுவதும் மத்தியானத்துக்குள் அட்டையாக வந்துவிட்டது.

அட்டைகளைக் கட்டாகக் கட்டுகிறபோது முதல் அட்டையின் மேல் யார் போட்ட டிசைன் என்று எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். சென்டரில் நான் குத்திய எத்தனையோ கட்டில் முதலாளியின் பேரைத்தான் எழுதியிருக்கிறேன். அவள் பேனாவைத் திறந்து என் பேரை எழுதினாள், எழுதிவிட்டுப் போதுமா என்று கேட்டாள்.

"ஊரையும் சேர்த்து எழுது," என்றேன்.